வெயில் பார்த்து வைத்த குளம்

எனக்கு இருபத்தேழு வயது ஆகிறது. நேற்றோடு படகுக் கொட்டகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். சிரிக்காதீர்கள். தலை நரைத்தால்தான் ஓய்வு என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? என் ஒருவன் வேலைக்கு முதலாளி உங்கள் மூன்று பேரைச் சேர்த்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். உங்களைப் பார்த்த பிறகு நாலாவதாக ஒருவனையும் சேர்ப்பார் என்று நினைக்கிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். ஆறாம் வகுப்பை வாசலில் நின்று பார்த்தவன். அதனால் எழுத்துப் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். துடுப்பு போடுவது, படகுக்குத் தார் பூசுவது எல்லாம் முதலாளி சொல்லித் தருவார். அவருக்கே தெரியாது, ஆனாலும் சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது இடம் பார்க்கிற சோலியைப் பற்றி.

முதலில் ஒன்று. குடும்பம் படகு விட வருகிறது என்றால் படகு விடத்தான் வருகிறது என்று நம்பிவிடாதீர்கள். சாப்பிட வருகிறது. தூக்குச்சட்டியைப் பிரித்து வைக்கச் சமமான தரை வேண்டும், பெண்கள் சேலையில் சேறு படாமல் ஏறி இறங்கக் கரை வேண்டும், அட்டை இருக்கக் கூடாது, பக்கத்தில் மரம் இருக்கக் கூடாது. மரம் இருந்தால் குரங்கு இருக்கும். முதல் வருஷம் நான் அழகான மர நிழலாகப் பார்த்துக் கொடுத்த இடத்தில், ஒரு குடும்பத்தின் புளியோதரை முழுவதையும் குரங்குகள் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டன. அந்தக் குடும்பத் தலைவர் என்னைத் திட்டவில்லை. "எடம் நல்லாத்தான் பாத்திருக்கீங்க தம்பி. யாருக்குப் பாத்தீங்கன்னுதான் தெரியல" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

இனி அந்தக் குளத்தின் கதை.

நம் முதலாளியை உங்களுக்குத் தெரியும். கொடைக்கானல் கடைத்தெருவில் கம்பளியும் தைலமும் விற்கிற ராவுத்தர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார வாத்தியார், இரண்டு கனோப் படகுகளை அவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டு முனையும் கூர், நடுவில் கொஞ்சம் வயிறு, பார்க்கப் பெரிய அவரைக்காய் மாதிரி. மூன்று பேர் உட்காரலாம். நாலாவது ஆள் கரையில் நின்று தும்மினால்கூட ஆடும். சீசனில் ஏரியில் கூட்டம் பிடிக்காத குடும்பங்களுக்கு, மலைக்குள் எங்காவது தனிக் குளமாகப் பார்த்து, பூம்பாறைக்கு உருளைக்கிழங்கு ஏற்றக் காலியாகப் போகிற லாரியின் தலையில் அவரைக்காய்களை ஏற்றி அனுப்பி வைப்பது நம் வியாபாரம்.

ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். "ஏலே செல்லையா, இங்க வா. பழனியிலேருந்து வந்திருக்காங்க. எடம் கேக்குறாங்க. வாயை வச்சிக்கிட்டு சும்மா இரு."

வந்தவர் பழனி அடிவாரத்தில் விபூதி, சந்தனம் விற்கிற கடைக்காரர். தலையில் சிவப்புத் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார். கூட அவர் மகள் தெய்வானை. சின்ன வயதில் அம்மை போட்டு முகத்தில் தழும்புகள். கண் மட்டும் ரொம்பத் தெளிவு.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பொண்ணு பாத்துட்டு, வேண்டாம்னுட்டுப் போயிட்டாங்க. மூணாந்தடவையும் பலகாரம் சுட்டு, அதுவும் தட்டிப் போச்சுன்னா அடிவாரத்துல தலை காட்ட முடியாது. அதனால இந்தத் தடவை பொண்ணு பாக்குறதே இல்ல."

"அப்புறம் என்ன செய்யப் போறீங்க?"

"நாங்க குடும்பத்தோட படகு விடப் போறோம். அவங்களும் படகு விட வர்றாங்க. தண்ணிக்கு நடுவுல தற்செயலாப் பாத்துக்கிறோம். 'அடடே, நீங்களா'ன்னு நான் கேப்பேன். 'அட, நீங்களா'ன்னு அந்தம்மா கேப்பாங்க. பேசி வச்சாச்சு. புடிக்கலைன்னா யாரும் யாரையும் வேண்டாம்னு சொன்னதா ஆகாது. அவங்கவங்க துடுப்பைப் போட்டுட்டுப் போயிரலாம்."

மாப்பிள்ளை வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பெயர் பாலு. ஏரியில் வைத்துக்கொள்ள முடியாது. சீசனில் பாதிப் பழனி அங்கேதான் நிற்கும்.

கடைக்காரர் தைலம் முகர்ந்து பார்க்க உள்ளே போனதும் தெய்வானை என்னிடம் வந்தது.

"அண்ணே, எனக்கு ஒரு ஒதவி. ரெண்டு தடவை என்னைய நல்லாப் பாத்துட்டுப் போயிட்டாங்க. நான் யாரையும் பாக்கல. தலையைக் குனிஞ்சுக்கன்னு சொல்லிருவாங்க. கால் வெரல் மட்டும்தான் தெரியும். மொத ஆளுக்குக் கட்டை வெரல்ல நகமே இல்ல. ரெண்டாவது ஆளு செருப்பைக் கழட்டவே இல்ல."

"இப்ப என்ன செய்யணும்?"

"மூஞ்சியைப் பாக்கணும். நல்லா, வெளிச்சத்துல. அப்புறம் அவங்க வேண்டாம்னு சொன்னாலும் சரி. யாரு சொன்னாங்கன்னாவது எனக்குத் தெரியணும்ல?"

ஒரு நிமிஷம் நின்று, இன்னொன்றும் சொன்னது. "டிராயிங் மாஸ்டராம்ணே. அவரு மொகத்தைத்தான் மொதல்ல பாப்பாரு."

நான் எப்போதும் ஏதாவது நக்கல் பேசுகிறவன். அன்றைக்கு, "பாத்துத் தர்றேம்மா" என்று மட்டும் சொன்னேன்.

பூம்பாறை தாண்டி ஓர் ஓடையை மறித்து வைத்த குளம் ஒன்று எனக்குத் தெரியும். மரமில்லை, குரங்கில்லை. ஆழம் பார்க்கவில்லை, காற்று பார்க்கவில்லை. தம்பிகளா, அந்தக் குளத்தில் நான் வெயில் பார்த்தேன். மூன்று நாள், காலை ஒன்பது மணிக்குப் போனேன். கிழக்குக் கரையிலிருந்து பெண் படகு கிளம்ப வேண்டும். சூரியன் அவளுக்கு முதுகில். மேற்கிலிருந்து மாப்பிள்ளை வருவார். வெயில் முழுசும் அவர் முகத்தில். அவளுக்கு அவர் மீசை மயிர் எண்ணிப் பார்க்கலாம். அவருக்கு அவள் ஒரு நிழல். தழும்பு தெரியாது. ஒரே வெயிலில் இரண்டு வேலை! லாரி கிளீனரை எதிர்க் கரையில் நிறுத்திச் சோதித்தேன். அவன் பல்லில் ஒட்டியிருந்த வெற்றிலை தெரிந்தது.

கிழக்குக் கரையோரம் முழங்கால் தண்ணீரில், பட்டுப்போன மரத்தின் கட்டை ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அதற்கு நேராகப் படகுகள் சந்தித்தால் வெயில் சரியாக விழும். அடையாளத்துக்கு என் துண்டை அதன் உச்சியில் கட்டிவிட்டு வந்தேன். சிவப்புத் துண்டு.

எல்லாம் பார்த்தேன். பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

குறித்த நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளனே ஏழரைக்குக் கிளம்பலாம் என்று போய் நின்றேன். கடைக்காரர் பதறிப்போனார். "ஏழரையிலேருந்து ஒம்பது குளிகைப்பா! குளிகையில செஞ்ச காரியம் திரும்பத் திரும்ப நடக்கும். மறுபடியும் பொண்ணு பாக்கவா?"

"சரி, ஒம்பதுக்குப் போவோம்."

"போய்ச் சேர பத்தரை ஆயிரும். பத்தரைக்கு ராகு காலம்."

"ராகு காலத்துல கரையில ஒக்காந்திருப்போம்ங்க."

"ராகு காலத்துல தற்செயலாப் பாத்துட்டா என்னப்பா செய்யிறது?"

பன்னிரண்டுக்குக் கிளம்பினோம். மூன்று மணிக்கு எமகண்டம், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. ஒன்றரைக்குக் குளத்துக்குப் போனபோது, மத்தியானம் நம் மலையில் என்ன நடக்குமோ அது நடந்துகொண்டிருந்தது. மேகம் இறங்கிக் குளத்தின் மேல் படுத்துக் கிடந்தது. எதிர்க் கரை இல்லை. என் வெயிலும் இல்லை.

எங்கள் படகில் முன்னால் தெய்வானை, நடுவில் இரண்டு பக்கமும் பலகையைப் பிடித்துக்கொண்டு கடைக்காரர், பின்னால் நான். எதிர்க் கரையில் மாப்பிள்ளை முன்னால், அவருடைய அம்மா நடுவில், பின்னால் துடுப்போடு நம் முதலாளி. வேறு ஆள் வரவில்லை என்று அவரே ஏறிவிட்டார். படகு வாங்கிய நாளிலிருந்து அவர் படகில் ஏறியது அதுதான் முதல் தடவை.

மேகத்துக்குள்ளிருந்து அவர்கள் சத்தம் மட்டும் வந்தது. முதலாளி ஒரே பக்கம் துடுப்பு போடுகிறார் என்று கேட்கும்போதே தெரிந்தது. அவர் அல்லாவைக் கூப்பிட, அந்த அம்மா முருகனைக் கூப்பிட, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் படகு சுற்றிக்கொண்டிருந்தது.

கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஆளைக் காணாமலே தன் வசனத்தைச் சொன்னார். "அடடே, நீங்களா!"

மேகம் பதில் சொன்னது. "அட, நீங்களா! எங்க இருக்கீங்க?"

கொஞ்ச நேரத்தில் டொக் என்று ஒரு சத்தம். பிறகு பொளக் என்று சின்னதாக ஒரு சத்தம். நான் மெதுவாகப் படகைத் தள்ளிக்கொண்டு போனேன். பத்தடி தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது. அவர்கள் படகு என் கட்டையில் மோதி நிற்கிறது. மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடியில் பனி படிந்து, அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மோதியதில் கண்ணாடி தண்ணீருக்குள் போய்விட்டது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதிரே பார்க்கிறார். எதிரே சிவப்புத் தலைப்பாகையோடு ஒருவர் நிற்கிறார்.

மாப்பிள்ளை கை கூப்பினார்.

"மன்னிச்சிருங்க மாமா. கண்ணாடி விழுந்திருச்சு. தெரியாம இடிச்சுட்டேன். அடி பலமா?"

கட்டை ஒன்றும் சொல்லவில்லை.

கடைக்காரர் என் காதில் கேட்டார். "ஏம்ப்பா, மாப்ள யாருகிட்டப் பேசுறாரு?"

"ஒங்ககிட்டத்தாங்க."

"நான் இங்கல்ல இருக்கேன்!"

தெய்வானை திரும்பி, பேசாமல் இருங்கள் என்று கையைக் காட்டியது. அதன் கண் மாப்பிள்ளை முகத்தை விட்டு அசையவில்லை. அங்கே அவர் பேசிக்கொண்டே போனார்.

"கோவமா இருக்கீங்கன்னு தெரியுது மாமா. இருக்கத்தான் செய்யும். தற்செயலாப் பாக்குற மாதிரி இருக்கணும்னு அம்மா சொன்னாங்க. எனக்கு நடிக்க வராது. ஒங்க பொண்ணை ரெண்டு எடத்துல வேண்டாம்னுட்டாங்கன்னு சொன்னாங்க. என்னைய மூணு எடத்துல வேண்டாம்னுட்டாங்க மாமா. கண்ணாடி இல்லைன்னா மண்டபத்துல பொண்ணு எதுன்னு தேடுவான்னு சொன்னாங்களாம். பொய்யில்ல. தேடத்தான் செய்வேன்."

கடைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. "நாங்க ஒண்ணும் தப்பா நெனைக்கல மாப்ள!" என்று கத்திவிட்டார்.

மாப்பிள்ளை திடுக்கிட்டுச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். பிறகு மறுபடியும் கட்டையைப் பார்த்தார். "மாமா, நீங்க இங்க நிக்கிறீங்க, சத்தம் அங்கேருந்து வருது. மலைங்கிறதால எதிரொலிக்குதோ?"

கட்டை மௌனம்.

"ஏதாவது கேளுங்க மாமா. இப்படி மரம் மாதிரி நின்னா நான் என்னன்னு எடுத்துக்கிறது?"

தெய்வானை சிரித்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல், படகு ஆடுகிற மாதிரி சிரித்தது. கடைக்காரர் பலகையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "ஏம்மா, மெதுவாச் சிரிம்மா, நீச்சல் தெரியாது" என்றார். அவர் மகள் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அவருக்கும் அதைக் கேட்ட பழக்கம் விட்டுப்போயிருக்கும் போல.

அந்தச் சமயம் பார்த்து முதலாளி, கட்டையைத் துடுப்பால் ஒரு தள்ளு தள்ளினார். அவர்கள் படகு பின்வாங்கி மேகத்துக்குள் காணாமல் போய்விட்டது.

உள்ளேயிருந்து மாப்பிள்ளை குரல் வந்தது. "யாருங்க சிரிச்சது? இன்னொரு தடவை சிரிங்க. கரை எந்தப் பக்கம்னு தெரியட்டும்."

இதற்கு ஒரு பெண் பிள்ளை எப்படிச் சிரிக்காமல் இருக்கும்? சிரித்தது. முதலாளியிடமிருந்து துடுப்பை வாங்கி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளையே போட்டார். நின்றால், "இன்னொண்ணு" என்று கேட்டார். நான் எத்தனையோ குடும்பங்களைக் கரை சேர்த்திருக்கிறேன். ஒருவர் சிரிக்க ஒருவர் படகு வந்து சேர்ந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அதற்குள் நான் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கட்டையைச் சுற்றிக் கால் விரலால் துழாவினேன். கண்ணாடி கிடைத்தது. உடையவில்லை. எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். கண்ணாடியை மடியில் சொருகிக்கொண்டேன்.

ஏன் என்று உங்களுக்கே தெரியும். இந்த ஆள் நல்ல ஆள். சிரிப்பைக் கேட்டே பாதி சம்மதித்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் ஊருக்குப் போனால் மீதிப் பாதியும் சம்மதித்துவிடுவார். நான் பார்த்து வைத்த வெயில் செய்ய வேண்டிய வேலையைக் கண்ணாடி செய்யட்டுமே!

எல்லோரும் கிழக்குக் கரையில் இறங்கினோம். மேகம் பிரிந்தது. மூன்று நாள் அலைந்து நான் முதுகுக்குப் பின்னால் வைத்த சூரியன், இப்போது மத்தியானத்துக்கு மேல் ஆனதால் மேற்கே போய் நின்றுகொண்டு, நேராகத் தெய்வானையின் முகத்தில் விழுந்தது. ஒரு தழும்பு பாக்கியில்லாமல் தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார். மகனின் சட்டையைப் பிடித்து, "வாடா, வெரசாப் போவோம். எமகண்டம் வந்துரும்" என்றார்.

மாப்பிள்ளை எங்கள் எல்லோருக்கும் பொதுவாக, கொஞ்சம் வலது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

தெய்வானை என்னிடம் வந்தது. "அண்ணே, மடியில என்ன?"

"ஒண்ணுமில்லம்மா."

"கம்பி வெளிய தெரியுது."

"சும்மா இரும்மா. உன் நல்லதுக்குத்தான்."

"நாளைக்குக் கல்யாணம் முடிஞ்சு, வீட்டுல போயி வேற கண்ணாடி போட்டுப் பாப்பாருல்ல? அப்ப நான் எங்க போய் நிக்கிறது? குடுங்கண்ணே. நான் அவரை நல்லாப் பாத்துட்டேன். அவரும் பாக்கட்டும்."

இதில் ஒன்றைக் கவனியுங்கள் தம்பிகளா. தண்ணீருக்குள் பாறை இருப்பது தெரிந்தும் சொல்லாமல் ஒரு குடும்பத்தைப் படகில் ஏற்றினால் நம்மை மலையை விட்டே துரத்துவார்கள். துரத்தவும் வேண்டும். நல்ல வெளிச்சம் பார்த்துக் கொடுக்கலாம், பாறையை மறைக்கக் கூடாது. இது எனக்குத் தானாகத் தோன்றியதாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். தோன்றவில்லை. அந்தப் பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றது, நான் கொடுத்தேன். அவ்வளவுதான்.

தெய்வானை முந்தானையில் கண்ணாடியின் சேற்றைத் துடைத்து, தானே அவர் கையில் வைத்தது. ஒதுங்கி நிற்கவில்லை. வெயிலிலேயே நின்றது.

மாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டார். பார்த்தார். டிராயிங் மாஸ்டர் பார்க்கிற மாதிரிதான் பார்த்தார், நெற்றியிலிருந்து தாடை வரைக்கும், அவசரமில்லாமல். கடைக்காரர் தன் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் மாப்பிள்ளை, "சிரிச்சது இவங்கதாம்மா."

"அது தெரியுதுடா. ஆனா மொகத்துல..."

"அதைத்தாம்மா நானும் பாக்குறேன். சிரிச்சது இவங்கதான்."

அந்த அம்மா மகனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், சட்டையைப் பிடித்திருந்த கையை விட்டார். "மணி என்ன ஆச்சு?" என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"ரெண்டே முக்காலுங்க."

"அப்ப இன்னும் கால் மணி நேரம் இருக்குல்ல. பேசி முடிச்சிரலாம்."

அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை கையைக் கூப்பிக்கொண்டு கட்டைப் பக்கம் திரும்பினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

கடைக்காரர் மெதுவாகச் சொன்னார். "மாப்ள, மாமா இங்க இருக்கேன்."

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இன்னும் வேலையில் இருந்திருப்பேன். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குப் போகும்போது தெய்வானை வழி சுற்றிக் குளத்துக்கு வந்து, விளையாட்டாக, "இவரோட மாமா" என்று அந்தக் கட்டைக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டுப் போனது. பழனி அடிவாரத்தில் செய்தி பரவியது. ரெண்டு தடவை தட்டிப்போன பெண்ணுக்கு அந்தக் குளத்தில் கால் மணி நேரத்தில் முடிந்ததாம். கல்யாணம் தள்ளிப்போகிற குடும்பமெல்லாம் படகு கேட்டு வந்தது. காலை வெயிலில் கூட்டிப்போனால் திட்டினார்கள். மேகம்தான் வேண்டுமாம். கட்டையில் மோத வேண்டுமாம். மெதுவாக மோதினால் இன்னொரு தடவை மோதச் சொன்னார்கள். முதலாளி இரண்டு அவரைக்காயின் மூக்கிலும் தகரம் வைத்து அடித்தார்.

பிறகு ஒருவர் மணி கட்டினார். ஒருவர் சூலம் நட்டார். ஒரு பூசாரி வந்தார், எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் கரையில் பலகை வைத்துவிட்டார்கள்: இது சாமி குளம், இங்கே படகு விடக் கூடாது. படகு விட நான் பார்த்த இடங்களிலேயே நல்ல இடம் அது. அவ்வளவு நன்றாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. அதனால்தான் வத்தலக்குண்டில் என் மச்சானின் டயர் கடைக்குப் போகிறேன். டயரை யாரும் கும்பிட மாட்டார்கள், ஆயுத பூஜை தவிர.

கிளம்புவதற்கு முன்னால் என் துண்டை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று போன வாரம் போனேன். "பூசாரி, அது என் துண்டுங்க" என்றேன்.

"அது சாமி துண்டு. வேணும்னா வரிசையில வாங்க" என்றார்.

நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம். புருஷன் மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தோடு கட்டியிருந்தார். பக்கத்தில் தெய்வானை, இடுப்பில் குழந்தை. அவர்கள் முறை வந்ததும் டிராயிங் மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, கட்டையிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"மாமா, அன்னைக்கு இடிச்சது இன்னும் வலிக்குதா?"

தெய்வானை சிரித்தது. அதே சிரிப்பு. சாமி முன்னால் என்ன சிரிப்பு என்று பூசாரி அதட்டினார். இடுப்பிலிருந்த குழந்தையும் சேர்ந்துகொண்டு சிரித்தது.

நான் துண்டு கேட்காமலே திரும்பிவிட்டேன்.

நீங்கள் மூன்று பேரும் புது இடம் பார்க்கப் போகும்போது அடையாளத்துக்கு வெள்ளைத் துண்டு எடுத்துப் போங்கள். பஞ்சாங்கமும் ஒன்று.